சுடரை அசைத்த மூச்சு

அந்த வீட்டில் ஓர் ஆங்கிலச் சொல் சரியாக வந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மெழுகுவர்த்திக்குத்தான் இருந்தது. வீட்டுத் தலைவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சி தன் மொழியில் சொல்வதை நீதிபதியின் காதுக்கு ஆங்கிலத்தில் கொண்டுசேர்ப்பது அவர் பிழைப்பு. சாயங்காலம் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தபின், சாப்பாட்டு மேசையில் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, மகன்கள் இருவரையும் ஒருவர் பின் ஒருவராக அதற்கு முன் உட்காரவைப்பார். சொல்லும்போது சுடர் சாய்ந்தால் சொல் சரி. சுடர் நிமிர்ந்து நின்றால் மறுபடியும் முதலிலிருந்து.

"நம்ம வாய் சோம்பேறி வாய்டா. காத்த உள்ளயே பூட்டி வெச்சுக்கும். இங்கிலீஷ் பேசறவன் வாய் காத்த வெளிய தள்ளும். தள்ளு!"

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லி யாராவது கேட்டால், வீட்டு வித்தை வாசற்படி தாண்டாது என்று கையைக் கூப்பி அனுப்பிவிடுவார். அவர் போய் வெகுகாலம் ஆகியும் தெருவில் அது மொழிபெயர்ப்பாளர் வீடுதான். நடுவில் சுவர் எழுப்பி இரண்டு வாசலாகப் பிரித்த பிறகும் பேர் மட்டும் பிரியவில்லை. ஒரு பாதியில் மூத்தவர், மறுபாதியில் இளையவர். சுவரில் ஒரு சின்னக் கதவு விட்டிருந்தார்கள். தாழ் உண்டு; போட்ட வழக்கம் இல்லை.

மூத்தவர் ஆங்கில ஒலியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வகுப்பிலேயே எல்லோரையும் தொண்டையில் கைவைக்கச் சொல்லி, எந்த ஒலிக்கு உள்ளே அதிர்கிறது, எந்த ஒலிக்கு அதிரவில்லை என்று பார்க்கவைப்பார். அதனால் மாணவர்கள் வைத்த பேர் தொண்டை வாத்தியார். அவர் காதுக்கு இருந்த மதிப்பு பெரிது. ஒரு ஆளைப் பார்க்காமலே, பேச்சைக் கேட்டு, எந்தப் பள்ளியில் படித்தான், எந்தப் பல் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். பல் விஷயம் கட்டுக்கதை. அவர் மறுத்ததுமில்லை.

ஒரு மத்தியானம் அவர் வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெயிலுமில்லை, மழையுமில்லை, கையில் கறுப்புக் குடை.

"சார், என்னைத் தெரிஞ்சிருக்காது. உங்க தம்பி வேலை பாக்குற காலேஜ்லதான் நானும் இங்கிலீஷ் எடுக்கறேன். எடுத்தேன்."

"குடைன்னு பசங்க சொல்றது உங்களத்தானா?"

"ஆமா சார். உங்களத் தொண்டை வாத்தியார்னு சொல்லுவாங்களாம். நம்ம ரெண்டு பேருக்கும் பேர் வெச்சவன் ஒரே ஆளா இருக்கும்."

பேராசிரியருக்கு அவரைப் பிடித்துவிட்டது. உள்ளே அழைத்து உட்காரவைத்தார். குடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னார்.

கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு யாரோ தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். பேர் சொல்லவில்லை. குடைக்காரர் கேள்வித்தாள் உறையைப் பிரித்து மாணவர்களுக்கு விற்கிறார் என்று சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு குற்றச்சாட்டு. அவருடைய இழுப்பறையைத் திறந்து பார்த்தால் பிரித்த உறை ஒன்று உள்ளே கிடக்கிறது. அந்த இழுப்பறைக்குப் பூட்டே கிடையாது என்பதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. துறைத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்து உத்தரவு வர இருந்த நேரம். உத்தரவு வந்தது, வேலை நீக்க உத்தரவாக.

"அந்த இடம் இப்போ உங்க தம்பி பொறுப்புல இருக்கு. அவர் மேல எனக்கு வருத்தமில்ல சார். யாராவது பாக்கணும்ல. அவர்தான் முதல்வர்கிட்ட உங்களப் பத்திச் சொன்னாராம். பேசினது யாருன்னு நீங்க சொன்னா, முதல்வர் மறுபடி விசாரிக்கறேன்னு சொல்லிட்டார்."

"பதிவு இருக்கா?"

"இருக்கு சார். தேர்வுப் பிரிவுக்கு வர்ற போனெல்லாம் தானாப் பதிவாகும்." கைப்பேசியை எடுத்தார், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "சார், வேலைக்காக வரல. எங்கப்பா தபால்காரரா இருந்தவர். பிரிஞ்சு கிடந்த கவரைக்கூட ஒட்டிக் கொண்டுபோய்க் குடுத்த மனுஷன். 'அடுத்தவன் கவரப் பிரிச்சவன் எனக்குப் பொறந்தவனில்ல'ன்னுட்டார். அன்னிலேருந்து என்கிட்டப் பேச்சில்ல. படுத்த படுக்கை. நான் தண்ணி குடுத்தா வாயை மூடிக்கறார். எதிர்வீட்டுக்காரர் குடுத்தா குடிக்கறார். டாக்டர் கைய விரிச்சாச்சு. அவர் போறதுக்குள்ள அவர் காதுல உண்மை விழணும். அவ்வளவுதான். அப்புறம் வேலை வந்தா என்ன, வராட்டி என்ன."

பேராசிரியர் கைப்பேசியை வாங்கி, காதுகளில் கேட்பியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

குரலை அடிவயிற்றுக்கு இறக்கி, வாயில் துணியை வைத்துப் பேசியிருந்தார்கள். வயதைக்கூட மட்டுக்கட்ட முடியவில்லை. ஆள் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாக்கியத்தில் 'ஸ்டாஃப்' என்ற சொல் வந்தது. அவர் கண் திறந்தது. கொஞ்சம் தள்ளி 'ஸ்பெஷல்'. கடைசியில் 'ஸ்கூல்'.

மூன்று இடத்திலும் துணியைத் தாண்டிக்கொண்டு ஒரு மூச்சு வந்து மோதியது.

இதை விளங்கிக்கொள்ள அவருடைய வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கடல் என்னும்போது வரும் ககரம் ஒன்று. சங்கு என்னும்போது வருவது இன்னொன்று. அகல் என்னும்போது வருவது மூன்றாவது. எழுத்து ஒன்று, வாய்க்குள் ஆள் மூன்று. தமிழ் பேசுகிற எவனும் இந்த மூன்றையும் பிரித்துக் கேட்பதில்லை. மனசுக்கு அவை ஒன்று. இப்படி மனசு ஒன்றென்று எண்ணும் ஒலியை ஒலியியல்காரர்கள் ஒலியன் என்பார்கள். ஆங்கிலத்திலும் அப்படித்தான். சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ப', 'ட', 'க' ஒலிகளோடு ஒரு மூச்சு வெளியே பாயும். வாய்க்கு முன் தாளைப் பிடித்தால் துள்ளும். அதே ஒலிகள் 'ஸ்' என்ற ஒலிக்குப் பின்னால் வந்தால் மூச்சு அடங்கிவிடும், தாள் அசையாது. பேசுகிறவனுக்கும் தெரியாது, கேட்கிறவனுக்கும் தெரியாது. காதை ஏமாற்றலாம், தாளை ஏமாற்ற முடியாது.

'ஸ்' ஒலிக்குப் பின்னாலும் மூச்சைத் தள்ளுகிறவர்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று அவர் சாதிக்கமாட்டார். ஆனால் அந்தக் கல்லூரியில், அந்த ஊரில், அப்படித் தள்ளும் வாய் ஒரே வீட்டில்தான் இருந்தது. மெழுகுவர்த்தி பாதி உண்மைதான் கற்றுக்கொடுத்திருந்தது. எங்கே மூச்சு வேண்டும் என்று தெரிந்த அப்பாவுக்கு எங்கே வேண்டாம் என்று தெரியவில்லை. எல்லா இடத்திலும் சுடரைச் சாய்த்தார்.

பேராசிரியருக்கே இது மேல்படிப்புக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது. பாடம் எடுத்தவர் அவர் வாய்க்கு முன் மெல்லிய தாளைப் பிடிக்க, அது துள்ளக் கூடாத இடத்தில் துள்ள, வகுப்பே சிரித்தது. அன்றைக்கு முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் திருத்திக்கொண்டார். விடுமுறையில் வீட்டுக்கு வந்தவர், அப்பாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "மெழுகுவத்தி பொய் சொல்லுமா?" என்று கேட்டார் அப்பா. மகன் தலையைக் குனிந்துகொண்டார். அதிலிருந்து அவருக்கு வாய் இரண்டு. வெளியே சரியான மூச்சு, வீட்டுக்குள் அப்பாவின் மூச்சு. தம்பியிடம் அவர் சொன்னதேயில்லை. தம்பியைத் திருத்தினால் அப்பா தப்பென்று ஆகும். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்துக்கு இடமில்லை.

கேட்பியைக் கழற்றினார். குடைக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுதா சார்?"

"உடனே சொல்ற விஷயமில்ல இது. ஆராயணும். பதிவை எனக்கு அனுப்பிட்டுப் போங்க."

"எவ்வளவு நாளாகும் சார்?"

"சொல்றேன்."

குடைக்காரர் வாசலில் திரும்பிக் கைகூப்பினார். பேராசிரியர் பதிலுக்குக் கைகூப்பவில்லை.

மனைவி காப்பியோடு வந்தவள், கோப்பை ஆறுவதையும் அவர் சுவரைப் பார்ப்பதையும் கண்டாள்.

"வந்தவர் யாரு? கடன்காரன் வந்துட்டுப் போன மாதிரி உக்காந்திருக்கீங்க."

"தம்பி காலேஜ் ஆளு."

"தம்பி விஷயமா?"

"தம்பி விஷயம்னு நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லல. மூஞ்சி சொல்லுது. ஊர் தொண்டையெல்லாம் தொட்டுப் பாக்கறவருக்கு, தன் தொண்டையில எது சிக்கியிருக்குன்னு தெரியாதா?"

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

கொல்லை இரண்டு பாதிக்கும் பொது. தம்பி துவைத்த சட்டைகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார். தன் சட்டைகளைத் தானே துவைத்து, தானே கஞ்சி போடுகிறவர். காலரில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்றைக்கு வகுப்பு நடக்காது. பேராசிரியர் துவைக்கிற கல்லின் மேல் கைப்பேசியை வைத்துப் பதிவை ஓடவிட்டார். தம்பி கொடியில் கிளிப் மாட்டுவதை நிறுத்தவில்லை.

"யார் குரல் இது?"

"எனக்கெப்படித் தெரியும்? போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு."

"துணிய வாயில வெச்சே. குரலை இறக்கினே. மூச்சை எங்கடா ஒளிப்பே?"

தம்பி ஈரச் சட்டையை உதறினார். துளிகள் பேராசிரியர் முகத்தில் தெறித்தன.

"மூச்சா? எல்லாரும்தான் மூச்சு விடறாங்க."

"அப்பா சொல்லிக்குடுத்த இடத்துல எல்லாரும் விடறதில்ல. அது நம்ம வீட்டு மூச்சு. அது தப்புடா. இங்கிலீஷ்ல அந்த இடத்துல மூச்சு கிடையாது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது."

சட்டை கொடியில் பாதி தொங்கியபடி நின்றது. தம்பி முகத்தில் முதலில் வந்தது பயமில்லை, அவமானம். அதைப் பார்த்தபோது பேராசிரியருக்குத் தம்பியின் சின்ன வயசு முகம் தெரிந்தது, சுடருக்கு அந்தப் பக்கம்.

"இத்தனை வருஷம் தெரிஞ்சும் சொல்லாம, என்னை இப்படியே பேசவிட்டீங்களா?"

"அத விடு. எதுக்குடா இப்படிச் செஞ்சே?"

"எதுக்கா? எனக்குப் பின்னால வந்தவன் எனக்கு மேல உக்காரப் போறான். தெருவுல என்ன சொல்லுவாங்க? இங்கிலீஷுக்குன்னே பொறந்த வீடு, அவங்களை ஒரு தபால்காரன் மகன் தாண்டிட்டான்னு சொல்லமாட்டாங்களா? உங்களுக்கென்ன, பேராசிரியர்னு பேர் வாங்கியாச்சு. அப்பா பேரை இங்க சுமக்கறது நான்."

"சுமக்கற லட்சணமா இது? அதுக்குப் பேர் மானமாடா?"

"அண்ணே, முதல்வர் இந்தப் பதிவை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பறதா இருந்தார். எங்கண்ணன் இருக்கும்போது எதுக்கு சார்னு நான்தான் தடுத்தேன். நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு தெரியும். சொல்லமாட்டீங்கன்னும் தெரியும்."

தன்னைத் தம்பி இவ்வளவு சரியாக எடைபோட்டு வைத்திருப்பான் என்று பேராசிரியர் நினைத்ததில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாய் ஒன்றாகப்போய்விட்டதுதான் வினை.

"நீயே போய் முதல்வர்கிட்டச் சொல்லு. நான் சொல்லி வெளிய வந்தா அசிங்கம். நீயே சொன்னா அதுல கொஞ்சமாவது கௌரவம் மிஞ்சும்."

தம்பி பாதி தொங்கிய சட்டையை மாட்டி முடித்துவிட்டு, மகள் பேச்சை எடுத்தார். வானொலியில் ஆங்கிலச் செய்தி வாசிக்கும் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். நேர்முகம் வருகிற வாரம். அப்பன் வேலை நீக்கம் என்று செய்தி பரவினால் பெண்ணை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அது மட்டும் முடியட்டும், மறுநாள் காலையிலேயே முதல்வர் முன்னால் நிற்கிறேன், அப்பா படத்தின் மேல் சத்தியம் என்றார்.

பேராசிரியர் தலையாட்டினார். பெண்ணுக்காகத்தான் ஒத்துக்கொண்டதாக மனைவியிடம் சொன்னார். அது பொய்யில்லை. அவருக்குப் பிள்ளையில்லை, அந்தச் சின்னக் கதவு வழியாகத் தட்டோடு வந்து, "பெரியம்மா, எங்க வீட்டுக் குழம்பு வாயில வைக்க முடியல" என்று உட்காரும் பெண் அவள். ஆனால் முழு உண்மையுமில்லை. விஷயத்தைச் சொல்வதென்றால் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றும் சொல்லவேண்டும். அதைச் சொன்னால், கூடத்துப் படத்தில் கோட்டுப் போட்டு நிற்கும் மனிதரின் ஆங்கிலம் பிழை என்று நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும்.

நேர்முகம் தள்ளிப்போனது. நிலைய இயக்குநர் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபின் தேதி சொல்வதாகத் தகவல் வந்தது. தம்பி அதைச் சொல்ல வந்தபோது அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனும் ஒன்றும் கேட்கவில்லை.

குடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். ஆராய்ச்சி நடக்கிறது என்றார் பேராசிரியர். இன்னொரு தரம் அழைத்தார். குரலைப் பல பேரோடு ஒப்பிடவேண்டும் என்றார். வாழ்நாள் முழுக்கப் பிழையான ஒலியைப் பொறுக்காத வாய், இந்தப் பொய்களை ஒரு தடங்கலும் இல்லாமல் உச்சரித்தது. கடைசியாக அழைத்தபோது குடைக்காரர் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்கவில்லை.

"சார், யாருன்னு சொல்ல வேணாம். நான் கேக்கல. பேசினவன் சொன்னது பொய்யுன்னு மட்டும், நீங்க வந்து எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பெரிய படிப்புப் படிச்சவங்க சொன்னா நம்புவார். கண்ணை மூடிக்கிட்டிருக்கார், காது கேக்குது சார். இன்னும் கேக்குது."

"நாளைக்குக் காலைல வர்றேன்."

காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து காலணியை மாட்டினார். சின்னக் கதவைத் திறந்துகொண்டு தம்பி வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அந்தத் தபால்காரரைப் பாக்க."

"போய் என்ன சொல்லுவீங்க? பொய்யுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா? அந்தாள் சும்மா விடுவானா? நூலைப் புடிச்சா சேலை தானே வரும்." தம்பி குரலைத் தணித்தார். "அண்ணே, தேதி வந்துடுச்சு. பக்கத்துலதான். அதுவரைக்கும் பொறுங்க. கிழவர் எங்க போயிடப் போறார்."

பேராசிரியர் ஒரு காலில் காலணியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதைக் கழற்றி, மற்றதன் பக்கத்தில் சேர்த்துவைத்தார். உள்ளே நின்ற மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் தபால்காரர் இறந்துபோனார்.

சாவு வீடு ஒற்றை அறை. கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். பேராசிரியர் உள்ளே போனபோது எதிர்வீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். கிழவரின் உதடுகள் இறுக மூடியிருந்தன. எல்லா வாயும் கடைசியில் இப்படித்தான் மூடும். ஆனால் இது யாரோ மூடிவிட்ட வாயாக இல்லை. தானே மூடிக்கொண்ட வாயாக இருந்தது. குடை ஒரு மூலையில் சுருண்டு சாய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தரையில் மகன்.

"காலைல நீங்க வர்றதாச் சொன்னேன் சார் அவர்கிட்ட. தலைய வாசப்பக்கம் திருப்பி வெக்கச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர்கிட்டத்தான் சொன்னார், என்கிட்ட இல்ல. மத்தியானம் வரைக்கும் அப்படியே கிடந்தார். அப்புறம் சுவத்துப்பக்கம் திரும்பிக்கிட்டார்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பேராசிரியர் வெளியே வந்து, மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கல்லூரிக்குப் போனார்.

முதல்வர் அறையில் தம்பியும் வரவழைக்கப்பட்டிருந்தார். பேராசிரியர் பதிவை ஓடவிட்டு, எந்த இடத்தில் மூச்சு வருகிறது, ஏன் வரக் கூடாது என்று நின்றபடியே சொன்னார். முதல்வர் நெற்றியைத் தேய்த்தார்.

"மன்னிக்கணும். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. இத வெச்சு ஒருத்தர் மேல எப்படிக் கைவைக்கறது? இப்படிப் பேசறவங்க வேற யாருமே இருக்கமாட்டாங்களா?"

"இங்க வேற யாரும் இல்ல. இத எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது எங்கப்பா. வெளியாள் யாருக்கும் அவர் சொல்லிக்குடுக்கல." அடுத்த வாக்கியம் வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது. "அவர் தப்பாச் சொல்லிக்குடுத்தார். அவருக்குத் தெரியாது."

தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முதல்வர் மேசையில் கைதுடைக்க வைத்திருந்த மெல்லிய தாளில் ஒன்றை உருவி, தன் வாய்க்கு முன்னால் தானே தொங்கவிட்டுப் பிடித்தார்.

"ஸ்பீக்" என்றார். தாள் துள்ளியது. "ஸ்டாஃப்." துள்ளியது. "ஸ்கூல்." துள்ளியது.

"பாத்துக்குங்க சார். நான்தான் பேசினேன். இப்படித்தான் பேசுவேன், சாகற வரைக்கும் எங்கப்பா சொன்னபடிதான் பேசுவேன். எங்கண்ணன மாதிரி வீட்டுக்குள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு எனக்கு ரெண்டு வாய் கிடையாது. அப்பன சபையில வெச்சு முட்டாளாக்குற பிள்ளை நானில்ல."

தாளைக் கசக்கி மேசையில் போட்டுவிட்டு வெளியே போனார். கஞ்சி போட்ட காலர் அப்போதும் கசங்காமல் நின்றது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று ஊர் சிரித்தது. எந்த நுணல், யார் வாய் என்று பேராசிரியருக்குத்தான் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

தம்பியின் வேலை போனது. குடைக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பதவியும் கிடைத்தது. ஒரு நாள் தெருவில் எதிரே வந்தவர், நின்றார்.

"நன்றி சொல்லணும் சார். சொந்தத் தம்பின்னும் பாக்காம சொன்னீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

இல்லாத ஆராய்ச்சியின் முடிவாக ஏதாவது ஒரு நாளைச் சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது.

"நீங்க வந்த அன்னிக்கே. உங்க முன்னாலயே."

குடைக்காரர் அவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு குடையை விரித்தார். மழையுமில்லை, வெயிலுமில்லை. அதைத் தோளில் தாழ்த்தி, முகம் தெரியாதபடி பிடித்துக்கொண்டு கடந்துபோனார். அதற்குப் பிறகு பேராசிரியரை எங்கே கண்டாலும் அந்தக் குடை விரிந்தது.

சுவரிலிருந்த சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம் தாழ் விழுந்திருந்தது. தட்டு வருவது நின்றது. கொல்லைக்கொடியைத் தம்பி நடுவில் அறுத்து, தன் பாதியை வேறு ஆணியில் கட்டிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம், விளக்கேற்றும் நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் பெண்ணின் குரல் கேட்டது. செய்தி வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நல்ல குரல், தொண்டை அதிர்கிற இடத்தில் அதிர்ந்து, அடங்குகிற இடத்தில் அடங்கியது. 'ஸ்' ஒலி வந்தது. அதன் பின்னாலேயே மூச்சு வந்தது. கொஞ்சம் நிறுத்தி, அதே சொல்லை மறுபடி சொன்னாள். இந்தத் தடவை இன்னும் பலமாக. எதற்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறாள் என்று பேராசிரியருக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"நேர்முகம் இன்னொரு தரம் தள்ளிப்போய் நாளைக்காம். தெருவுல சொல்லிக்கிட்டாங்க" என்றாள் மனைவி.

"இப்படி வாசிச்சா ஒலிவாங்கி தாங்காது. மூச்சு நேரா அதுல போய் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் பட்டு பட்டுன்னு வெடிக்கும். முதல் வரியிலயே போதும்மான்னுடுவாங்க." எழுந்து நின்றார். "நீ போய்ச் சொல்லேன். அந்த இடத்துல மூச்சை அடக்கணும், அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. நான் சொன்னேன்னு சொல்லாதே."

மனைவி வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. பேச்சுக் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. கதவு மூடிக்கொண்டது. திரும்பி வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"பொண்ணு எழுந்து வந்தா, பாவம். அதுக்குள்ள அவ அம்மா குறுக்க வந்துட்டா. 'எங்க வீட்டு மெழுகுவத்தி எங்களுக்குப் போதும்க்கா. ஒருதரம் உங்க வீட்டுக்காரர் திருத்தினதே இந்த ஜென்மத்துக்குக் காணும்'னுட்டா."

பேராசிரியர் சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே படத்தில் அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டபடி நிமிர்ந்து நின்றார். அந்தப் பக்கம் வாசிப்பு மறுபடி தொடங்கியது. பெண் அழுதிருக்க வேண்டும். குரல் கொஞ்சம் மூக்கடைத்து வந்தது. ஆனால் சுடரை அவள் ஒருதரம்கூடத் தவறவிடவில்லை. 'ஸ்' வரும் இடமெல்லாம் பேராசிரியர் தன் மூச்சை அடக்கினார். அவள் அடக்கவில்லை.